கோரல் மெட்டுகள்: போட்டவர்கள் யார், ஆர்கனில் எப்படி வாசிப்பது?

நாலுகுரல்:
கோரல் என்னும் ஜெர்மன் லூத்தரன் சபைப் பாட்டுகளின் புத்தகத்தில் மெட்டுக்கு மேலே "நிகோலாய் 1599", "ஹாஸ்லர் 1601", "க்ரூகர் 1653" என்று அச்சிட்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் மெட்டைத் தாங்களே போட்டவர்களா, பழையதை எடுத்துத் திருத்தியவர்களா? அடுத்தது வாசிப்பு பற்றி. ஒரே மெட்டை வைத்துப் பாகல்பெல், புக்ஸ்டஹூட, பாக் என்று பலர் ஆர்கனுக்கு எழுதியிருக்கிறார்கள். யாரிடமிருந்து தொடங்குவது? "நூன் கொம் டெர் ஹைடன் ஹைலாண்ட்" (பாக், அவர் படைப்புகளின் பட்டியலான பி.டபிள்யூ.வி.-இல் எண் 659) தாளில் மெட்டு எங்கே ஓடுகிறது என்றே பிடிபடவில்லை. கருவி: இரண்டு மேனுவல் (கை விசைப்பலகை), 30 கட்டைப் பெடல் (கால் விசைப்பலகை) உள்ள எலக்ட்ரானிக் ஆர்கன்.

மெட்டுவேர்:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த ஆண்டுகள் பெரும்பாலும் அச்சான ஆண்டுகள். மெட்டு பிறந்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

லூத்தர் காலத்து முதல் தலைமுறையில் புதிதாகப் போட்டதைவிட மாற்றியமைத்ததே அதிகம். நீங்கள் கேட்ட "நூன் கொம்" 1524-இல் வெளிவந்தது. அதன் மூலம் "வெனி ரெடெம்ப்டோர் ஜென்டியம்" என்ற லத்தீன் கீதம். அதன் மெட்டைச் சுருக்கி, வரிக்கு ஏழு அசையாக நாலு வரிக்குள் அடக்கி, கடைசி வரிக்கு முதல் வரியின் மெட்டையே திரும்பப் போட்டுவிட்டார்கள். சபையார் மூன்று வரி கற்றால் நாலு வரியும் பாடலாம். நிகோலாவுஸ் டெசியுஸின் "அல்லைன் காட் இன் டெர் ஹோ" ஈஸ்டர் காலத்து கிரகோரியன் (பழைய லத்தீன் ஆலயப் பாடல்) குளோரியாவிலிருந்து வந்தது. "கிறிஸ்ட் லாக் இன் டோடெஸ்பாண்டன்" மெட்டும் அப்படித்தான், "விக்டிமே பஸ்காலி" என்ற ஈஸ்டர் கீதத்தின் வழியில் வந்தது.

லூத்தருக்குப் பக்கத்தில் இருந்தவர் யோஹான் வால்டர் (1496–1570). 1524-இல் விட்டன்பெர்க்கில் பல குரல் பாட்டுப் புத்தகம் போட்டார், பிறகு டோர்காவில் கான்டராக (ஆலய இசைத் தலைவராக) இருந்தார். அவர் அமைப்புகளில் மெட்டு பெரும்பாலும் டெனரில் (உயர்ந்த ஆண் குரலில்) இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலான சோப்ரானோ குரலில் தேடினால் கிடைக்காது. 1586-இல் நியூரன்பெர்கில் லூகாஸ் ஓசியாண்டர் போட்ட ஐம்பது பாட்டுத் தொகுப்பில்தான் மெட்டு சோப்ரானோவுக்கு ஏறி, மற்ற மூன்று குரலும் அதே தாளத்தில் கீழே நகரும் முறை வந்தது. சபை கூடச் சேர்ந்து பாட வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாம் தலைமுறையில் சொந்த மெட்டுகள் பெருகின. ஃபிலிப் நிகோலாய் ஊன்னாவில் போதகர். 1597-இல் அங்கே கொள்ளைநோய் வந்தது. "வாஹெட் அவுஃப்", "வீ ஷோன் லாய்ஹ்டெட்" இரண்டும் 1599-இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கின்றன. மெல்கியோர் வுல்பியுஸ் வைமாரில் கான்டர், அவருடையது "கிறிஸ்டுஸ் டெர் இஸ்ட் மைன் லேபன்" (1609). யோஹான் க்ரூகர் 1622 முதல் பெர்லின் நிகோலாய் ஆலயத்தில் கான்டர். "ஹெர்ட்ஸ்லீப்ஸ்டர் யேசு" (1640), "நூன் டாங்கெட் அல்லே காட்" (1647), "ஷ்ம்யூக்கே டிஹ்" (1649), "யேசு மைனே ஃப்ராய்டே" (1653) எல்லாம் அவர் போட்டவை. மெட்டும் எண்ணிட்ட பேஸும் (கார்டுகளை எண்களால் குறித்த கீழ்க்குரல்) மட்டும் அச்சிடுவார், நடுக் குரல்களை வாசிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஹாஸ்லர் கதை தனி. 1601-இல் அவர் அச்சிட்டது ஐந்து குரல் காதல் பாட்டு. 1613-இல் அது "ஹெர்ட்ஸ்லிஹ் டுட் மிஹ் ஃபெர்லாங்கன்" என்ற மரணப் பாட்டுக்குப் போனது, 1656-இல் க்ரூகரின் தொகுப்பில் பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டோடு சேர்ந்தது. அதனால் "ஹாஸ்லர் 1601" என்று போட்டிருப்பது சரிதான், ஆனால் அவர் பக்திப் பாட்டுக்காகப் போட்டதில்லை.

ஆதிநாதம்:
"ஐன் ஃபெஸ்டே புர்க்" மட்டும் லூத்தர் தாமே போட்டது என்பது உறுதியா? கிரகோரியன் துண்டுகளை ஒட்டித் தைத்தது என்றும் படித்திருக்கிறேன்.

மெட்டுவேர்:
அந்த வாதம் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அங்கங்கே சில சுரத்தொடர் ஒத்துப்போகும். அந்தக் காலத்தில் கிரகோரியன் பாடி வளர்ந்த எவர் மெட்டுப் போட்டாலும் அப்படி ஒத்துப்போகும். அதனால் ஒட்டுவேலை என்று முடிவுகட்டிவிட முடியாது. 1529-இல் அச்சகர் க்ளூக் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தின் பிரதி கிடைக்கவில்லை, கையில் இருப்பது அதே அச்சகத்தின் 1533 பதிப்பு. லூத்தர் போட்டதாகக் கொள்வதே வழக்கம், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

வாசிப்பவருக்கு இதைவிட முக்கியம் அதன் வடிவம். ஜெர்மன் அசைக்கணக்கு 8.7.8.7, பிறகு 5.5.5.6.7. முதல் இரண்டு வரியின் மெட்டு அப்படியே திரும்பும், அதன் பிறகு புதுப் பகுதி. இந்த 'அ, அ, ஆ' அமைப்புக்குப் பார் வடிவம் என்று பெயர். கோரல் மெட்டுகளில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆர்கன் தாளில் திரும்பும் பகுதிக்குச் சிலர் ரிப்பீட் அடையாளம் போட்டுவிடுவார்கள், சிலர் இரண்டாம் முறை வேறு மாதிரி எழுதுவார்கள். எது என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெடல்பலகை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோரலை வைத்து எழுதிய ஆர்கன் இசையை ஆசிரியர் பெயரை வைத்துப் பிரிப்பதைவிட, மெட்டை எப்படி நடத்துகிறார்கள் என்று பிரித்தால் வாசிப்பு எளிது.

ஒன்று, ஷைட்டின் வழி. சாமுவேல் ஷைட் ஹாலேயில் இருந்தவர், ஸ்வேலிங்கின் மாணவர். 1624-இல் ஹம்பர்க்கில் மூன்று பாகமாக "டாபுலாடுரா நோவா" வெளியிட்டார். அதில் ஒரு பாட்டுக்குப் பல "சரணம்" வரும். மெட்டு நீண்ட சுரங்களாக முதலில் சோப்ரானோவில், அடுத்த சரணத்தில் டெனரில், அடுத்து பேஸில் என்று இடம் மாறும், மற்றக் குரல்கள் சுற்றி ஓடும். சரணம் சரணமாக எழுதக் காரணம் இருக்கிறது. அன்றைய ஆராதனையில் ஒரு சரணம் பாடினால் அடுத்த சரணத்தை ஆர்கன் தனியாக வாசிக்கும். எல்லாச் சரணத்தையும் ஒரே மூச்சாகக் கச்சேரியில் வாசிப்பது பிற்கால வழக்கம்.

இரண்டு, பாகல்பெல் வழி. 1678 முதல் 1690 வரை எர்ஃபுர்ட் பிரெடிகர் ஆலயத்தில் இருந்தார். முதல் வரியை வைத்துச் சின்னதாக ஒரு ஃபியூக் (குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சுரத்தொடரோடு நுழையும் வடிவம்). அல்லது ஒவ்வொரு வரி வரும் முன்பும் அதே வரியைச் சின்னச் சுரங்களில் மற்றக் குரல்கள் சொல்லிவிடும், பிறகு பெரிய சுரங்களில் மெட்டு வரும். சில நேரம் இரண்டும் சேர்ந்து வரும். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: முன்னறிவிப்பையே மெட்டு என்று நினைத்து அழுத்தி வாசித்துவிடுவார்கள், உண்மையான மெட்டு வரும்போது கேட்பவருக்கு எதுவும் புதிதாகத் தெரியாது.

மூன்று, வடக்கு வழி. லூபெக் மரியா ஆலயத்தில் டுண்டருக்குப் பின் 1668-இல் வந்த புக்ஸ்டஹூட, லூனெபுர்கில் கியோர்க் போம். வலது கை தனி மேனுவலில் மெட்டை அலங்கரித்துப் பாடும். இடது கை இரண்டு குரல், பெடலில் பேஸ். வரிக்கும் வரிக்கும் இடையே குட்டி இடைவெளி இசை. புக்ஸ்டஹூடவிடம் இன்னொன்றும் உண்டு, ஃபாண்டேசியா. ஒவ்வொரு வரியையும் எடுத்துத் தனித்தனிப் பகுதியாக விரித்துவிடுவார், "வீ ஷோன் லாய்ஹ்டெட்" அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நான்கு, பாக் வைமாரில் எழுதிய "ஓர்கல்ப்யூஹ்லைன்" (சின்ன ஆர்கன் புத்தகம், பி.டபிள்யூ.வி. 599–644). 164 பாட்டுக்குப் பக்கம் ஒதுக்கி 46 மட்டும் எழுதினார். இங்கே இடைவெளி இசை ஏறக்குறைய இல்லை. மெட்டு ஒருமுறை முழுதாகப் போகும், மற்றக் குரல்களில் ஒரே ஒரு உருவம் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் வரும். 637-இல் ஆதாமின் வீழ்ச்சி பற்றிய பாட்டு, பெடல் முழுக்க ஏழாம் இடைவெளியில் விழுந்துகொண்டே இருக்கும். 644-இல் வாழ்வு நிலையற்றது என்ற பாட்டு, சுர வரிசைகள் ஏறி இறங்கி ஓடும். பாட்டின் முதல் சரணத்துப் பொருள் தெரியாமல் இவற்றுக்கு வேகம் முடிவு செய்ய முடியாது.

பெடல்பலகை:
659 பற்றித் தனியாக எழுதுகிறேன். அது மேலே சொன்ன வடக்கு வழி. பெடல் எட்டாம் பங்குச் சுரங்களில் நடந்துகொண்டே இருக்கும், இடது கையின் இரண்டு குரல் மெட்டின் முதல் வரியைத் தொடுத்துப் பிடிக்கும், மேலே தனி மேனுவலில் அலங்காரம்.

மெட்டைக் கண்டுபிடிக்கத் தாளின் மேல் பென்சிலால் எலும்புக்கூட்டை எழுதுங்கள். முதல் நான்கு சுரம் ஜி, ஜி, எஃப், பி ஃபிளாட். பழைய மெட்டில் அந்த எஃப் இயல்பானது. பாக் அதை எஃப் ஷார்ப் ஆக்குகிறார், அதனால் அடுத்த பி ஃபிளாட்டுக்குத் தாவும்போது குறைந்த நாலாம் இடைவெளி விழுகிறது. அந்தக் கூர்மை கேட்க வேண்டும், அங்கே ஓடிவிடக் கூடாது. முதல் சில அசை கிட்டத்தட்ட வெறுமையாக வரும், பிறகு ஒரே அசைக்கு நீண்ட சங்கதி. மெட்டின் சுரம் எந்த இடத்தில் விழுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் வட்டம் போடுங்கள். மெட்டுவேர் சொன்னபடி நாலாவது வரியும் முதல் வரியும் ஒரே மெட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அலங்காரத்துக்குள் மெட்டு எப்படி மறைகிறது என்பது விளங்கிவிடும்.

பயிற்சி: முதலில் பெடலோடு எலும்புக்கூட்டு மெட்டு மட்டும். அடுத்து பெடலும் இடது கையும். மூன்றாவது இடது கை வாசிக்க, மெட்டை வாயால் பாடுங்கள். அதன் பிறகுதான் அலங்காரத்தை வலது கையில் சேர்க்க வேண்டும். தலைகீழாக, அலங்காரத்தை முதலில் பழகுபவர்கள் அதன் சௌகரியத்துக்குப் பெடலை இழுத்தும் தள்ளியும் வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். பெடல் நடை ஆடினால் இந்த இசை நிற்காது.

ஸ்டாப்காரர்:
659-க்கு ஸ்டாப் (ஒலிவகையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்; 8 அடி எழுதிய உயரத்தில், 4 அடி ஓர் ஆக்டேவ் மேலே, 16 அடி ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும்): வலது கைக்குச் செஸ்குவியால்டெரா என்ற கலவை ஸ்டாப் இருந்தால் 8 அடி ஃப்ளூட்டோடு. இல்லையென்றால் 8 அடி, 4 அடி, 2 2/3 அடி மூன்றும். இடது கைக்கு 8 அடி மட்டும். பெடலுக்கு மென்மையான 16, 8. எலக்ட்ரானிக் கருவிகளில் 16 அடி சத்தம் ஸ்பீக்கரில் ஊதிப்போய்க் கேட்கும், பெடலின் ஒவ்வொரு அடியும் ஒன்றோடொன்று குழம்பும். அப்படி இருந்தால் 16-இன் அளவைக் குறையுங்கள், 8-ஐக் குறைக்க வேண்டாம்.

பொதுவான பெரிய பிழை கப்ளர் (மேனுவலின் ஒலியைப் பெடலோடு இணைக்கும் குமிழ்). பெடலில் மெட்டு வரும் இசைகளில் மேனுவல் கப்ளரைப் போட்டுவிட்டு, மெட்டு ஏன் தனித்துக் கேட்கவில்லை என்று தேடுவார்கள். ஷூப்ளர் கோரல்கள் என்ற பாக்கின் தொகுப்பில் கடைசியான 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு பெடலில், ஆனால் 4 அடி ஸ்டாப்பில், அதாவது ஆல்டோ உயரத்தில் கேட்க வேண்டும். பேஸ் இடது கையில் இருக்கிறது. பெடலில் 16 அடி போட்டால் மெட்டு பேஸுக்கும் கீழே போய், ஹார்மனி முழுவதும் தலைகீழாகிவிடும். ஆல்டோ மெட்டைப் பெடலில் 4 அடியில் வாசிக்கும் இந்த வித்தை பாக் கண்டுபிடித்ததல்ல, ஷைட் 1624-இலேயே ஆர்கனிஸ்டுகளுக்கான குறிப்பில் சொல்லிவிட்டார்.

645, "வாஹெட் அவுஃப்", நேர் எதிர். பாக்கின் சொந்தப் பிரதியில் வலது 8 அடி, இடது 8 அடி, பெடல் 16 அடி என்று குறித்திருக்கிறார். மெட்டு இடது கையில், டெனர் உயரத்தில். ட்ரம்பெட் அல்லது வேறு ரீட் ஸ்டாப் நன்றாகப் பொருந்தும். மூலம் 140-ஆம் கான்டாட்டா, அங்கே டெனர்கள் பாடுவது இது. வலது கையின் மேல் மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது துணைதான்.

பேஸ்கோடு:
மெட்டு வரி முடிவில் ஃபெர்மாட்டா (சுரத்தை நீட்டும் குறி) போட்டிருக்கிறார்களே, எவ்வளவு நேரம் நிறுத்துவது? இரண்டு அடி நீட்டினால் சபைக்கு மூச்சு வாங்க வசதி என்று நினைக்கிறேன்.

பெடல்பலகை:
சபைப் பாட்டுக்கு நீட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆர்கன் கோரலில் நீட்டவே கூடாது. ஓர்கல்ப்யூஹ்லைனில் மெட்டுக்கு மேல் ஃபெர்மாட்டா இருக்கும் இடத்தில் கீழே பதினாறாம் பங்குச் சுரங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை நடுவில் நிறுத்த இடமே இல்லை. அது வரி முடிந்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். மெட்டுச் சுரத்தை அதன் அளவுக்குள் கொஞ்சம் முன்னதாக விட்டு மூச்சு எடுத்தால் போதும், மற்றக் குரல் நகரட்டும்.

இதே போல இன்னொன்று, ஒரே சுரம் அடுத்தடுத்து வருவது. "நூன் கொம்" தொடக்கத்து இரண்டு ஜி. முதல் ஜி-யின் பாதி அளவில் விரலை எடுங்கள். பியானோவில் இது தானாக நடக்கும், ஆர்கனில் எடுக்காவிட்டால் இரண்டும் ஒரே நீண்ட சுரமாகிவிடும், ஒரு அசை காணாமல் போகும். எதிரொலி அதிகமுள்ள ஆலயத்தில் இன்னும் முன்னதாக எடுக்க வேண்டும்.

மெட்டுவேர்:
பேஸ்கோடு சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபெர்மாட்டாவில் நின்று நின்று பாடும் வழக்கம் மெட்டுகள் சமதாளமாகத் தேய்ந்த பிறகு பலப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டு அச்சில் "ஐன் ஃபெஸ்டே புர்க்" நெட்டையும் குட்டையுமான சுரங்களில் துள்ளும். ஹாஸ்லர் மெட்டும் அப்படித்தான். பாக் காலத்துக்குள் எல்லாம் ஒரே அளவுக் கால்வாசிச் சுரங்களாகிவிட்டன. அதனால் வால்டர், பிரெடோரியுஸ் போன்ற பழையவர்களின் அமைப்புகளை வாசிக்கும்போது பழைய தாளம், பாக் வாசிக்கும்போது பாக் எழுதிய தாளம். பாக்கின் அமைப்பைப் பழைய தாளத்துக்கு "திருத்தி" வாசிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. மெட்டு மட்டும்தான் துள்ளும், அதைச் சுற்றி பாக் பின்னிய ஹார்மனி துள்ளாது.

ஸ்டாப்காரர்:
நாலுகுரல் கருவி எலக்ட்ரானிக் என்பதால் ஒரு வசதி: பலவற்றில் டியூனிங் மாற்றலாம். ஷைட்டுக்கு மீன்டோன் என்ற பழைய டியூனிங் போட்டுக் கேளுங்கள், மூன்றாம் இடைவெளிகள் சுத்தமாக நிற்கும். ஆனால் அதை மறந்து பாக் 622-க்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த மெட்டு ஸ்ட்ராஸ்பூர்க்கின் மத்தேயுஸ் கிரைட்டர் 1525-இல் போட்டது, பாக் அதை ஈ ஃபிளாட் மேஜரில் வைத்து முடிவுக்கு முன் சி ஃபிளாட் மேஜர் கார்ட் ஒன்றை வைக்கிறார். கால்வாசிக் காமா மீன்டோனில் சி ஃபிளாட் கிடையாது, பி கட்டைதான் இருக்கிறது. அதற்கும் ஈ ஃபிளாட்டுக்கும் இடையே சுத்தமான 386 சென்டுக்கு (சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) பதில் 427 சென்ட். கார்ட் ஊளையிடும். 622-க்கு வேறு டியூனிங்தான்.

பழைய ஆர்கன் இசையில் இடது கைக்கு எட்டாத பத்தாம், பன்னிரண்டாம் இடைவெளிகள் பேஸில் எழுதியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவிகளில் கீழ் ஆக்டேவ் குறுகியது. ஈ கட்டையை அழுத்தினால் சி ஒலிக்கும், எஃப் ஷார்ப் கட்டையில் டி, ஜி ஷார்ப் கட்டையில் ஈ. கை எட்டும். இன்றைய கருவியில் பெடலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாலுகுரல்:
மிக்க நன்றி ஐயா, மெட்டுவேர் அவர்களுக்கும். வரிசை ஒன்று சொல்ல முடியுமா? பெடல் இன்னும் கால் பழகவில்லை.

பெடல்பலகை:
பெடல் இல்லாமல் தொடங்குங்கள். ஷைட் 1650-இல் கோர்லிட்ஸ் நகருக்காக நூறு பாட்டுக்கு நாலு குரல் அமைப்பு அச்சிட்டார். அதில் ஐந்தாறு. அடுத்து பாகல்பெல் 1683-இல் வெளியிட்ட மரண தியானத் தொகுப்பில் "கிறிஸ்டுஸ் டெர் இஸ்ட் மைன் லேபன்", மேலே சொன்ன வுல்பியுஸ் மெட்டுதான். எளிய அமைப்பில் தொடங்கி மாறி மாறிப் போகும், கைக்கு மட்டும். பிறகு பாக் 639. ஓர்கல்ப்யூஹ்லைனில் மூன்று குரல் மட்டும் உள்ளது அது ஒன்றே. வலது கை மெட்டு, இடது கை பதினாறாம் பங்கு, பெடல் எட்டாம் பங்கு. பெடலில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும், மெட்டுக்குச் சொன்ன அதே விதி காலுக்கும் உண்டு. குதிகாலைப் பயன்படுத்தாமல் முன்பாதத்தால் மட்டும் வாசித்தால் பிரிப்பு தானாக வரும். அதன் பிறகு புக்ஸ்டஹூடவின் "நூன் கொம்", 645, அப்புறம் 659.

ஆதிநாதம்:
இடையில் ஒரு கேள்வி. தமிழ் லூத்தரன் ஞானப்பாட்டுகள் இதே மெட்டுகள்தானே?

மெட்டுவேர்:
பலவும் அவையே. 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த ஹாலே மிஷன் வழி வந்த மரபு அது. பிறகு அதே மிஷனைச் சேர்ந்த ஃபப்ரீசியுஸ் ஜெர்மன் பாட்டுகளை அதே அசைக்கணக்கில், அதே மெட்டுக்குப் பாடும்படி தமிழாக்கினார். ஆனால் ஒரு பாட்டுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் வேறு மெட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. ஆர்கன் முன்னிசையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாட்டின் முதல் வரியை வைத்துத் தேடாமல் மெட்டின் பெயரை வைத்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் முன்னிசை ஒரு மெட்டு, சபை பாடுவது வேறு மெட்டு என்றாகிவிடும்.

நாலுகுரல்:
கிறிஸ்துமஸுக்கு 608, "இன் டுல்சி யூபிலோ" வாசிக்க ஆசை. பெடல் தாளில் எஃப் ஷார்ப் வரை ஏறுகிறது. என் பெடல் எஃப்-இல் முடிந்துவிடுகிறது.

ஸ்டாப்காரர்:
32 கட்டைப் பெடல் என்றால் ஜி வரை போகும், 30-இல் நீங்கள் சொன்னதுதான் எல்லை. பாக் காலத்துப் பெடல்கள் பெரும்பாலும் டி-யைச் சுற்றியே முடிந்தன, ஆகவே இது புதுத் தொல்லை இல்லை. பெடல் வரியை முழுவதும் ஓர் ஆக்டேவ் கீழே இறக்கி 4 அடி ஸ்டாப் மட்டும் போட்டு வாசியுங்கள், சத்தம் எழுதிய உயரத்திலேயே கேட்கும். 16, 8 இரண்டும் அணைந்திருக்கிறதா, கப்ளர் இல்லையா என்று பாருங்கள். இது சோப்ரானோவோடு ஆக்டேவ் கேனன், ஒரு பார் (தாள அளவு) தள்ளிப் பெடல் அதே மெட்டைப் பிடிக்கிறது. பெடலின் 4 அடி ஃப்ளூட் மெலிதாக இருந்தால் கேனன் காதில் விழாது. 4 அடி ரீட் இருந்தால் அது, இல்லையென்றால் 4 அடி பிரின்சிபல். கால் எங்கே போகிறது என்பது குழப்பும், அதனால் இறக்கிய உயரத்தில் பெடல் வரியை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு பழகுங்கள்.